சுகர் பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோமா?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை முறை விரலில் குத்த வேண்டியிருக்கிறது! பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கியின் தேயிலைத் தோட்ட லயங்களிலும், காலை சுகர் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அதே பிள்ளையின் பிரஷரைக் கேட்டால், "சின்னப் புள்ளைக்கு எதுக்குங்க பிரஷர்?" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

அங்கேதான் ஆபத்து. அமெரிக்காவில் நடந்த 'சர்ச்' (SEARCH) ஆய்வில், டைப் 1 உள்ள பிள்ளைகளில் 5.9 சதவீதம் பேருக்கும் டைப் 2 உள்ளவர்களில் 23.7 சதவீதம் பேருக்கும் ரத்த அழுத்தம் கூடியிருந்தது. உடம்பு பருத்து, பத்துப் பதினைந்து வயதிலேயே டைப் 2 வந்துவிட்ட பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை அதிகம்.

கூடியிருப்பது வெளியே தெரியாது. தலைவலி, மயக்கம் என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. அளந்தால்தான் தெரியும், அதையும் சரியாக அளக்க வேண்டும். பெரியவர்களுக்கான பட்டையை ஏழு வயதுப் பிள்ளையின் மெலிந்த கையில் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். குண்டுப் பிள்ளைக்குச் சின்னப் பட்டை போட்டால் கூட்டிக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். பிள்ளை ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, வலது கை நெஞ்சு மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். பஸ் இறங்கி மூச்சு வாங்க ஓடிவந்த பிள்ளையை உடனே அளப்பது வீண் வேலை.

அடுத்த தவறு எண்ணில் நடக்கிறது. "120-க்குள்தானே இருக்கு, நார்மல்" என்பது பெரியவர்களின் கணக்கு. 13 வயதுக்குக் கீழே வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். 7 வயதில் 106/68-ஐத் தொட்டாலே கூர்ந்து பார்க்க வேண்டும் என்கிறது 2017-ல் வந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்க வழிகாட்டி. ஒருமுறை கூடிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். மூன்று வெவ்வேறு நாள்களில் அளந்து உறுதி செய்வதே முறை.

இவ்வளவு மெனக்கெடுவது சிறுநீரகத்துக்காக. ஸ்பெயினின் வலென்சியாவில் டைப் 1 உள்ள 75 இளையோரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும் முன்பே, தூக்கத்தில் இறங்க வேண்டிய பிரஷர் ஏறத் தொடங்கியதைக் காட்டியது. சிறுநீரகம் கெடும் முன் உடம்பு தரும் எச்சரிக்கை அது. அந்தக் கட்டத்தில் ஊறுகாய், அப்பளம், மிக்சரைக் குறைப்பதும் ஓடி விளையாட விடுவதும் பலன் தரும். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

கேரள-தமிழக எல்லையோரத்தில் இன்னொரு சிக்கல். கேரள அரசின் 'மிட்டாய்' திட்டம் டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் இலவசமாகத் தருகிறது. ஆனால் அவசரத்துக்கு வேலந்தாவளத்துக்காரர் கோவைக்கும், மறையூர்க்காரர் உடுமலைக்கும், குமுளிக்காரர் தேனிக்கும் ஓடுகிறார்கள். பதிவு ஓரிடத்தில், வைத்தியம் ஓரிடத்தில் என்று ஆகிவிடுகிறது. சுகர் நோட்டிலேயே பிரஷருக்கும் உயரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை நீட்டுங்கள். சிறுவர் பட்டையில்தான் அளந்தார்களா என்றும் தயங்காமல் கேளுங்கள்.