எச்சரிக்கை விதி வரலாற்றை வினவுதல்

எச்சரிக்கை விதி வரலாறு என்பது, இணையத்தளம் அல்லது வழங்கி ஒன்றைக் கண்காணிக்கும் மென்பொருளில் எந்த எச்சரிக்கை எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்போது அடங்கியது என்பதைக் காட்டும் பதிவாகும். ஒரு தளம் முடங்கிய பிறகு எழும் கேள்விகளுக்கு இப்பதிவிலிருந்தே விடை தேடப்படுகிறது. வினவலைத் தவறாக அமைத்தால், முடக்கம் நேர்ந்த நாளும் சிக்கலற்ற நாளாகத் தோன்றக்கூடும். இக்கட்டுரை புரோமித்தியஸ் என்னும் திறந்த மூலக் கண்காணிப்பு மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட இம்மென்பொருள், 2016இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் இணைந்தது.

விதியின் மூன்று நிலைகள்

பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் என்னும் துணை மென்பொருள் ஓர் இணைய முகவரியைச் சோதித்து, சோதனை வெற்றி பெற்றால் 1 என்றும் தோற்றால் 0 என்றும் மதிப்பைத் தருகிறது. "இம்மதிப்பு தொடர்ந்து 5 நிமிடம் 0 ஆக இருந்தால் எச்சரி" என்பது ஓர் எச்சரிக்கை விதி. மென்பொருள் இவ்விதியைக் குறித்த இடைவெளியில் சரிபார்க்கிறது. இயல்பிருப்பு இடைவெளி 1 நிமிடம்.

விதி மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்:

1. செயலற்ற நிலை: சிக்கல் இல்லை.
2. காத்திருப்பு நிலை (பெண்டிங்): சிக்கல் தெரிகிறது, ஆனால் 5 நிமிடம் நிறைவடையவில்லை.
3. ஒலிக்கும் நிலை (ஃபயரிங்): 5 நிமிடம் கடந்துவிட்டது, எச்சரிக்கை அனுப்பப்படுகிறது.

வரலாறு பதியப்படும் முறை

காத்திருப்பு நிலையிலும் ஒலிக்கும் நிலையிலும், ஒவ்வொரு சரிபார்ப்பின்போதும் "அலர்ட்ஸ்" என்னும் காலத்தொடரில் 1 என்ற மதிப்பு பதியப்படுகிறது. அதனுடன் எச்சரிக்கையின் பெயரும் நிலையும் சிட்டைகளாகச் சேர்க்கப்படுகின்றன. செயலற்ற நிலையில் எதுவும் பதியப்படுவதில்லை. ஆகவே வரலாற்றை வினவுவது என்பது, இத்தொடரில் குறித்த காலத்துக்குள் உள்ள பதிவுகளைத் தேடுவதே. நடப்பு எச்சரிக்கைகளைக் காட்டும் பக்கத்தில் பழையவை தெரியா.

எடுத்துக்காட்டுக் கணக்கு

மேற்கண்ட விதிப்படி, ஒரு தளம் 10:02 மணிக்கு முடங்கி 10:15க்கு மீண்டது என்று கொள்வோம். 10:02 முதல் 10:06 வரை காத்திருப்பு நிலையில் 5 பதிவுகளும், 10:07 முதல் 10:14 வரை ஒலிக்கும் நிலையில் 8 பதிவுகளும் கிடைக்கும். "கவுன்ட் ஓவர் டைம்" என்னும் சார்பு இப்பதிவுகளை எண்ணித் தரும். எண்ணிக்கையைச் சரிபார்ப்பு இடைவெளியால் பெருக்கினால் கால அளவு கிடைக்கும்.

ஒலிக்கும் நிலையை மட்டும் வினவினால் விடை 8 நிமிடம். உண்மையான முடக்கமோ 13 நிமிடம். 3 நிமிடமே நீடித்த முடக்கமாயின், ஒலிக்கும் நிலையில் ஒரு பதிவும் இராது. மாதத்துக்கு 99.9 விழுக்காடு இயக்கம் என்று உறுதியளித்தால், 30 நாளில் 43.2 நிமிட முடக்கத்துக்கே இடமுண்டு. எனவே விடுபடும் 5 நிமிடம் சிறிய பிழையன்று. இயக்க விழுக்காட்டைக் கணக்கிட, எச்சரிக்கை வரலாற்றைவிடச் சோதனை மதிப்புகளின் சராசரியை எடுப்பதே சரியான முறை.

படி அளவு

வரைபடம் வரையும்போது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மதிப்பை எடுப்பது என்பதே படி அளவு. ஒரு வார வரைபடத்துக்கு 1 மணி நேரப் படி வைத்தால், மேற்கண்ட 8 நிமிட எச்சரிக்கை இரு படிகளுக்கு நடுவே விழுந்து, வரைபடத்தில் தெரியாமலே போகும். முழுக் காலத்திலும் உள்ள பதிவுகளை எண்ணும் வினவலில் இக்குறை இல்லை.

வெற்று விடையின் பொருள்

வினவலுக்கு விடை எதுவும் வராவிட்டால் சிக்கல் எதுவும் நேரவில்லை என்று முடிவு செய்துவிடக்கூடாது. வேறு காரணங்களும் இருக்கலாம்:

* கண்காணிப்பு மென்பொருளே அந்நேரம் இயங்காமல் இருந்திருக்கலாம்.
* சோதிக்கும் துணை மென்பொருள் நின்றிருக்கலாம். அப்போது 0 என்ற மதிப்பும் வராது. எனவே மேற்கண்ட விதி எச்சரிக்காது. மதிப்பே வராத நிலையைக் கண்டறியத் தனி விதி தேவை.
* விதியின் பெயர் மாற்றப்பட்டிருக்கலாம். பழைய பதிவுகள் பழைய பெயரிலேயே இருக்கும்.
* காலம் கடந்து பதிவுகள் நீக்கப்பட்டிருக்கலாம். இயல்பிருப்பில் இவை 15 நாள் மட்டுமே வைக்கப்படுகின்றன. அமைப்பில் இக்காலத்தை நீட்டிக்கலாம்.

முதல் இரண்டையும் சரிபார்க்க, ஒவ்வொரு இலக்கிலிருந்தும் தரவு பெறப்பட்டதா என்பதைப் பதியும் "அப்" என்ற அளவையை அதே காலத்துக்கு வினவலாம். அதில் இடைவெளி இருந்தாலோ 0 இருந்தாலோ, அந்நேரம் கண்காணிப்பில் தடை இருந்தது என்று பொருள்.

வரலாறு காட்டாதவை

எச்சரிக்கை ஒலித்தது என்ற பதிவு, அது உரியவரைச் சென்றடைந்தது என்பதற்குச் சான்றாகாது. அனுப்பும் பணியை அலர்ட்மேனேஜர் என்னும் தனி மென்பொருள் செய்கிறது. அதில் ஓர் எச்சரிக்கையைத் தற்காலிகமாக அமைதிப்படுத்தி வைத்திருந்தாலும், வரலாற்றில் அது ஒலித்ததாகவே இருக்கும். விதியின் எல்லை அளவு எப்போது மாற்றப்பட்டது என்பதும் இவ்வரலாற்றில் இராது. அதற்காக விதிக் கோப்புகளை கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் வைப்பது வழக்கம். இரண்டையும் ஒப்பிட்டால்தான், எச்சரிக்கைகள் குறைந்தது தளம் சீரானதாலா, விதி தளர்த்தப்பட்டதாலா என்று பிரித்தறிய முடியும்.