உயரும் முகப்பு, குறையும் பாதுகாப்பு

பாலக்கோடு தக்காளிச் சந்தைக்குச் சரக்கின்றித் திரும்பும் பிக்கப் வாகனங்கள் சிலவற்றின் பின்பகுதி தூக்கலாகவும் முகப்பு தாழ்ந்தும் இருப்பதைக் காணலாம். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதற்காகப் பின்பக்கத்தில் கூடுதல் ஸ்பிரிங் பிளேட்டுகள் சேர்க்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். இந்தச் சாய்வைச் சமன்செய்ய, முன்பக்க சஸ்பென்ஷனின் உயரத்தையும் பட்டறையில் கூட்டிக்கொள்வோர் உண்டு. வேலை சிறிது, விளைவு சிறிதன்று.

முன்பக்கத்தில் முறுக்குத் தண்டு உள்ள வாகனங்களில் ஒரு போல்ட்டைத் திருகினாலே முகப்பு உயரும். அதனால் தண்டின் வலிமை கூடுவதில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கான இடைவெளிதான் குறைகிறது. சக்கரத்தின் சாய்கோணம் மாறி டயர் ஒருபுறமாகத் தேய்கிறது. பின்பக்கம் பாரம் ஏறியதும் முகப்பு மேலும் நிமிர்ந்து, விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் பாய்கிறது.

பிரேக்கின் நிலை இன்னும் கவலைக்குரியது. பல சரக்கு வாகனங்களில் பின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையிலான தூரத்தைக் கொண்டு பாரத்தை உணரும் வால்வு உள்ளது. கூடுதல் பிளேட் சேர்த்தால், பாரம் இருந்தும் அந்தத் தூரம் போதிய அளவு குறையாது. வாகனம் காலியாக இருப்பதாகக் கருதி, பின்சக்கர பிரேக்கின் அழுத்தத்தை வால்வு குறைத்துவிடும். முழுச்சுமையும் முன்சக்கர பிரேக்குகளின் மீது விழுகிறது. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கத்தில் அவை சூடேறிப் பிடிப்பை இழந்தால் என்ன ஆகும் என்பதை இம்மாவட்டத்தினருக்கு விளக்க வேண்டியதில்லை.

நாள்பட்ட உழைப்பால் தாழ்ந்த முகப்பைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குத் திரும்பக் கொணர்வது தவறன்று. சமதரையில், டயர்களில் உரிய காற்றழுத்தத்துடன் இருபுறமும் அளந்து சரிசெய்ய வேண்டும். பின்னர் சக்கர நேர்மையையும் விளக்கின் கோணத்தையும் சீராக்க வேண்டும். பராமரிப்பு வேறு, மாற்றம் வேறு.

அப்படியானால் உரிமையாளர்கள் ஏன் மாற்றுகின்றனர்? பெட்டிக்கு இவ்வளவு என வாடகை பேசப்படும் தொழிலில், கூடுதல் பெட்டி ஏற்றுபவருக்கு முதலில் ஆதாயம் கிடைக்கிறது. எல்லோரும் அவ்வாறே ஏற்றத் தொடங்கியதும் போட்டியில் பெட்டிக்கான வாடகை இறங்குகிறது. தேய்ந்த டயரும் கடன் தவணையும் உரிமையாளரிடம் எஞ்சுகின்றன. விபத்தின் விலையையோ, இந்த வணிகத்தில் பங்கேயில்லாத வழிப்போக்கரும் செலுத்த நேர்கிறது. இதையே பொருளியல் புறவிளைவு என்கிறது.

சட்டம் மௌனமாக இல்லை. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அளவுக்கு மீறிய பாரத்துக்கு ரூ.20,000 அபராதமும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் விதிக்கிறது.

ஆயினும், அபராதம் மட்டும் போதாது. தகுதிச் சான்று ஆய்வின்போது முன், பின் உயரங்களை அளக்க வேண்டும். சந்தை வாயிலிலேயே எடைமேடை அமைய வேண்டும். பெட்டிக் கணக்கை விடுத்து, வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவுக்கு வாடகை நிர்ணயிக்க வணிகர்கள் முன்வர வேண்டும். நியாயமான வாடகை கிடைத்தால், கூடுதல் பிளேட்டுக்கும் போல்ட்டைத் திருகுவதற்கும் தேவை இராது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)