கல்வாழை: விதையா, கிழங்கா?

பள்ளிக்கூடத்து மதிலோரம், ரயில் நிலையப் பூங்கா, குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் கொல்லை என்று கல்வாழை இல்லாத ஊரைக் காண்பது அரிது. சில ஊர்களில் இதைப் பூவாழை என்பார்கள். அகன்ற இலை, உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பூ. வாழை, இஞ்சி, மஞ்சள் எல்லாம் இதற்குச் சொந்தக்காரச் செடிகள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளிலிருந்து வந்து நம் ஊர் மண்ணில் நன்றாக வேர்பிடித்துவிட்ட செடி இது.

பூ உதிர்ந்த இடத்தில் சொரசொரப்பான பச்சைக் காய் பிடிக்கும். முற்றிக் காய்ந்ததும் அதன் தோல் மெலிந்து கிழியும். அப்போது பறித்துப் பிரித்தால் உள்ளே மூன்று அறைகளில் கறுப்பு உருண்டைகள் இருக்கும். அவைதான் விதைகள். பட்டாணியைவிடச் சிறியவை, ஆனால் பல்லால் கடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், பல்தான் உடையும். ஜிம்பாப்வே நாட்டில் சுரைக்குடுக்கைக்குள் இந்த விதைகளைப் போட்டு ‘ஹோஷோ’ என்ற தாளக்கருவி செய்கிறார்கள். ரீயூனியன் தீவின் ‘கயாம்ப்’ என்ற கருவிக்குள்ளும் இதே விதைகள் சலசலக்கின்றன. எத்தனை வருடம் குலுக்கினாலும் நொறுங்குவதில்லை.

இவ்வளவு கெட்டியான விதை எப்படி முளைக்கும்? நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இருபது விதைகளைச் சேகரியுங்கள். பத்தை அப்படியே வையுங்கள். மீதிப் பத்தை ஒவ்வொன்றாகக் குறடால் பிடித்துக்கொண்டு, உப்புத்தாளில் ஒரே இடத்தில் தேய்க்க வேண்டும். இதற்குப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதை வழுக்கித் தெறிக்கும். விதையில் ஓரிடத்தில் சின்னத் தழும்பு தெரியும். காயோடு ஒட்டியிருந்த இடம் அது. அதன் அருகில்தான் கரு முளைத்து வெளியே வரும் வழி இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தொடாமல் வேறு பக்கத்தில் தேயுங்கள். கறுப்பு போய் உள்ளே வெள்ளை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு இரண்டு டம்ளர்களில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தேய்த்த விதைகளை ஒன்றிலும் தேய்க்காதவற்றை மற்றொன்றிலும் போட்டு, மறுநாள் காலைவரை விடுங்கள்.

தேய்த்த விதைகள் தண்ணீர் குடித்து உப்பியிருக்கும். தேய்க்காதவை போட்டபடியே கிடக்கும்.

காரணம் விதையுறையில் இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் நீளமான செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றின் சுவர்கள் தடித்துக் கெட்டியாகிவிட்டதால் தண்ணீரால் உள்ளே புக முடியாது. தண்ணீர் போகாதவரை விதைக்குள் எந்த வேலையும் தொடங்காது. கருவைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி, அதாவது கருவுக்கான உணவுச் சேமிப்பு, அப்படியே தங்கிவிடும். உள்ளே உயிர் இருக்கிறது, உறங்குகிறது. உப்புத்தாளால் நாம் செய்த சின்னக் காயம் தண்ணீருக்கு வாசல் திறந்துவிட்டது.

காட்டில் உப்புத்தாள் கிடையாதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அங்கே பகல் வெப்பமும் இரவுக் குளிரும், மண்ணில் உரசும் கற்களும், நுண்ணுயிர்களும் சேர்ந்து விதையுறையை மெல்ல மெல்லத் தளர்த்தும். ஒரு விதை இந்த மழைக்கு முளைக்கும், அதன் உடன்பிறப்பு அடுத்த மழைக்கோ அதற்கும் பிறகோ முளைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்து, அந்த வருடம் பஞ்சமாகிப் போனால் குடும்பமே அழிந்துவிடும் அல்லவா?

இந்த உறக்கம் எவ்வளவு காலம் நீளும் என்பதற்கு ஒரு வியப்பான சாட்சி அர்ஜென்டினாவில் கிடைத்தது. அந்நாட்டின் வடமேற்கே, சால்டா மாகாணத்து மலைமேல் சாண்டா ரோசா டே தஸ்தில் என்ற பழைய ஊர் இருக்கிறது. அங்கே தொல்லியல் ஆய்வில் ஒரு கழுத்தணி கிடைத்தது. காட்டு வால்நட் ஓடுகளைக் கோத்துச் செய்த கிலுகிலுப்பை அது. ஒரு ஓட்டுக்குள் கல்வாழை விதை இருந்தது. வால்நட் இளங்காயாக, மென்மையாக இருந்தபோதே யாரோ விதையை உள்ளே செருகியிருக்கிறார்கள். பிறகு ஓடு முற்றி இறுகிவிட்டது. ஆகவே ஓட்டுக்கு என்ன வயதோ, விதைக்குக் குறைந்தது அந்த வயது. ஓட்டைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது ஏறத்தாழ 600 வருடம் என்று தெரிந்தது. அந்த விதை முளைத்தது! விதை முளைத்த செய்தி 1968இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. உலர்ந்த மலைக்காற்றும், தண்ணீர் புகாத விதையுறையும் சேர்ந்து ஒரு சின்னக் கருவை ஆறு நூற்றாண்டு காப்பாற்றியிருக்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கல்வாழை விதையைக்கூட என்னால் அலட்சியமாகத் தூக்கிப் போட முடிவதில்லை.

உங்கள் உப்பிய விதைகளுக்கு வருவோம். மணலும் மக்கிய உரமும் கலந்த தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாமல் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சுருட்டிய பச்சை இலை மேலே வரும். நல்ல வெயிலும் தண்ணீரும் கிடைத்தால் அந்த வருடத்திலேயே பூத்துவிடும். ஆனால் சிவப்புப் பூச்செடியின் விதையிலிருந்து சிவப்புப் பூதான் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்று தோட்டங்களில் உள்ளவை பெரும்பாலும் கலப்பினங்கள். 1840களில் பிரான்சில் தியோடோர் அன்னே என்பவர் இந்தக் கலப்பு வேலையைத் தொடங்கினார். பல முன்னோர்களின் பண்புகள் கலந்திருப்பதால் ஒவ்வொரு விதையும் புதிய சேர்க்கை. வேறு நிறமும் வரலாம், வேறு உயரமும் வரலாம். சில வகைகளோ காயே பிடிப்பதில்லை.

அதே பூ வேண்டுமென்றால் கிழங்குதான் வழி. மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் இந்தக் கிழங்கை வேர் என்று நினைக்காதீர்கள். இது படுத்தபடி வளரும் தண்டு; மட்ட நிலத்தண்டு என்று படித்திருப்பீர்கள். கணு இருக்கிறதா, மொட்டு இருக்கிறதா என்று பாருங்கள்; வேரில் அவை இரா. ஒரு துண்டு வெட்டி, மருந்துப் பெட்டியிலுள்ள டிஞ்சர் அயோடினை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறும். அது மாவுச்சத்தின் அடையாளம். ஆண்டீஸ் மலை மக்கள் இதை ‘அச்சிரா’ என்று பெயரிட்டு நெடுங்காலமாகச் சமைத்துச் சாப்பிட்டு வருகிறார்கள். வியட்நாமில் இதன் மாவிலிருந்து கண்ணாடி போன்ற சேமியா செய்கிறார்கள். தாவரங்களின் மாவுத்துகள்களிலேயே மிகப் பெரியவை இதில்தான் இருக்கின்றன.

இந்தச் சேமிப்புதான் கெட்ட காலத்தில் செடியைக் காப்பாற்றுகிறது. நம் சமவெளியில் கோடையில் இலைகள் கருகினாலும் மழை வந்ததும் கிழங்கு துளிர்க்கும். குளிர்நாடுகளில் கதை வேறு. உறைபனி விழுந்ததும் இலைகள் ஒரே இரவில் கறுத்துத் தொங்கும். மண்ணும் உறைந்தால் கிழங்குக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாகி செல்களைச் சிதைத்துவிடும். அதனால் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இலை கறுத்ததும் தண்டைச் சாண் உயரத்துக்கு வெட்டி, கிழங்கைத் தோண்டியெடுத்து, லேசான ஈர மணலில் புதைத்துக் கொட்டகைக்குள் வைக்கிறார்கள். அங்கே 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருந்தால் நல்லது. கிழங்கும் சுவாசிக்கிறது; குளிர்ச்சியில் சுவாசம் மெதுவாகும், சேமித்த மாவு வீணாகாது. மணல் முழுக்கக் காய்ந்தால் கிழங்கு சுருங்கும், நனைந்தால் அழுகும். மார்ச் மாதத்தில் எடுத்து, துண்டுக்கு இரண்டு மொட்டாவது இருக்கும்படி வெட்டி நடுவார்கள். நீலகிரியில் உறைபனி விழும் இடங்களில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

கிழங்கில் ஒரு ஆபத்தும் உண்டு. தாய்ச்செடிக்கு வைரஸ் நோய் வந்திருந்தால், அதிலிருந்து பிரித்த கன்றுகளுக்கும் அந்த நோய் வரும். இலையில் மஞ்சள் கோடுகளோ திட்டுகளோ இருக்கும் செடியிலிருந்து கிழங்கு வாங்காதீர்கள்.

விதை, கிழங்கு இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் நடுங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் நட்ட தேதியையும் தாய்ச்செடியின் பூ நிறத்தையும் எழுதி ஒட்டுங்கள். பூ வந்ததும் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்து உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள்.