கள்ளக்குறிச்சியில் விவாத மேடை போடுவது எப்படி?

2018 ஜூனில் கோயம்புத்தூரில் புதிய தலைமுறை தொலைக்காட்சி, பார்வையாளர்களை உட்கார வைத்து ஒரு வட்டமேசை விவாதம் நடத்தியது. தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று வாரம் ஆகவில்லை. தொடரும் போராட்டங்கள் உரிமைக்காக நடப்பவையா, அரசியலுக்காக நடப்பவையா என்பது பேசுபொருள். எதிரும் புதிருமான தரப்புகளுக்கு மேடையில் இடம் கொடுத்திருந்தார்கள். இயக்குநர் அமீர் பேசிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு கூட்டம் எழுந்து சத்தம் போட்டது; அரங்கு அமளியானது. பிறகு காவல்துறை வழக்குப் போட்டது. யார் மீது? நிகழ்ச்சியை நடத்திய தொலைக்காட்சி மீது, அமீர் மீது, அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த தனியரசு மீது. பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டனம் தெரிவித்தன.

ஊர் ஊராகப் போய் மக்கள் விவாதம் எடுக்கிறவர்களுக்கு அது பாடம். மேடையில் எத்தனை கட்சி இருக்கிறது என்று எண்ணுவது சுலபம். நடுநிலை கெடுவதோ பெரும்பாலும் அந்த எண்ணிக்கைக்கு வெளியேதான்: தலைப்பில், பார்வையாளர் வரிசையில், மைக் போகிற வழியில், எடிட்டிங் அறையில். இந்த வேலையைப் படிப்படியாகச் சொல்ல ஓர் ஊர் வேண்டும். கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம். 2024 ஜூனில் நகரின் கருணாபுரத்தில் தொடங்கிய விஷச் சாராயச் சாவுகள் 65ஐத் தாண்டின. மேற்கே கல்வராயன் மலை. அந்தச் சாவுகளைப் பற்றித்தான் நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம்.

1. தலைப்பு வைப்பது

சென்னையில் உட்கார்ந்து யோசித்தால் முதலில் வந்து விழும் தலைப்பு இப்படி இருக்கும்: ‘விஷச் சாராயம்: அரசின் அலட்சியமா, மக்களின் பழக்கமா?’ கேட்க நடுநிலையாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிப் பழியைச் செத்தவர் தலையில் கட்டி, அப்போதைய ஆளுங்கட்சிக்கு ஒரு பின்வாசலைத் திறந்துவிட்டுத்தான் விவாதமே தொடங்குகிறது. ‘கல்வராயன் மலைச் சாராயத்துக்கு முடிவு எப்போது?’ என்பது இன்னொரு யோசனை. மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது உண்டு. போலீஸ் ஊறலைக் கொட்டி அழிக்கிற செய்தியும் அடிக்கடி வரும். ஆனால் 2024இல் உயிர்களைப் பறித்தது மெத்தனால். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான வேதிப்பொருள். இந்தத் தலைப்பு, மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே குற்றவாளியாக்கிவிடும்.

தலைப்புக்கு ஒரு சோதனை உண்டு. அதைப் படித்ததும் எந்தக் கட்சி குஷியாகும், எது முகம் சுளிக்கும் என்று உடனே சொல்ல முடிந்தால் அது தேறவில்லை. ‘கருணாபுரத்துக்குப் பிறகு என்ன மாறியது?’ என்று கேட்டுப் பாருங்கள். அப்போதைய ஆளுங்கட்சி தன் தரப்பில், 2024 ஜூன் இறுதியில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை வைத்ததைச் சொல்லலாம். எதிர்த்தரப்பு, அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்ற நேர்ந்ததைச் சொல்லலாம். குடும்பத்தார் தங்கள் கதையைச் சொல்லலாம். மூன்று பேருக்கும் அதில் இடம் இருக்கிறது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும் விஷயத்தில் ‘யார் குற்றவாளி’ என்று அரங்கைக் கை தூக்கச் சொல்லக் கூடாது. நீதிமன்ற அவமதிப்பாகும் நிகழ்ச்சியைக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறை தடுக்கிறது. 2022 ஜூலையில் இதே மாவட்டத்தின் கனியாமூரில் ஒரு மாணவியின் சாவைத் தொடர்ந்து பள்ளி சூறையாடப்பட்டதைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

2. கட்சிகளைக் கூப்பிடுவது

தூர்தர்ஷனுக்குக் கணக்கு எளிது. 1998இலிருந்து தேர்தல் காலத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு அடிப்படையாகச் சம நேரம். அதற்கு மேல், முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்குக்கு ஏற்பக் கூடுதல் நேரம். எந்தக் கட்சிக்கு எந்த நாள் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். தனியார் தொலைக்காட்சிக்கு இப்படி நேரம் பங்கிடும் சட்டம் இல்லை. அதனால் கணக்கை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், யாரும் கேட்பதற்கு முன்பே.

வாக்குக் கணக்கை மட்டும் நம்பினால் புதியவர் வெளியே நிற்பார். 2024 பிப்ரவரியில் தொடங்கியபோது தவெகவுக்கு எந்த வாக்குக் கணக்கும் கிடையாது. கூட்டணிக் கணக்கை நம்பினாலும் சிக்கல்தான். சாராயச் சாவுகள் நடந்த அதே ஆண்டு, அக்டோபர் 2ஆம் தேதி, இதே மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தியது விசிக. அப்போது அது திமுக கூட்டணியில் இருந்த கட்சி. திமுகவும் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பியது. ‘ஆளுங்கட்சிப் பக்கம், எதிர்க்கட்சிப் பக்கம்’ என்று மேடையை இரண்டாகப் பிரித்தால் விசிகவை எங்கே உட்கார வைப்பீர்கள்? ஆகவே இந்தக் கேள்வியில் யார் என்ன நிலை எடுத்தார்கள் என்று முதலில் எழுதுங்கள். மதுவிலக்கு வேண்டும், டாஸ்மாக் இருக்கட்டும் ஆனால் கண்காணிப்பு வேண்டும், கள்ளை அனுமதிக்க வேண்டும் என்று குறைந்தது மூன்று நிலைப்பாடு தேறும். நாற்காலிகளை அதை வைத்துப் போடுங்கள்.

ஊர் நிலவரமும் தெரிய வேண்டும். 2021இல் கள்ளக்குறிச்சித் தொகுதியை அதிமுக வென்றது. பக்கத்துச் சங்கராபுரத்தைத் திமுக வென்றது. சாவுகளின்போது ஆட்சியில் ஒரு கட்சி, அந்தத் தொகுதியில் இன்னொரு கட்சி. இருவரிடமும் கேட்கக் கேள்வி இருந்தது.

ஒரு கட்சி வர மறுத்தால்? 2021 ஜூலையில் அதிமுக தொலைக்காட்சி விவாதங்களைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. 2023 செப்டம்பரில் இந்தியா கூட்டணி 14 நெறியாளர்களின் பெயரைச் சொல்லி, அவர்களின் நிகழ்ச்சிக்குப் போகமாட்டோம் என்றது. மறுப்பது அவர்கள் உரிமை. அழைத்தோம், வரவில்லை என்று ஒரே வரியில், கிண்டல் இல்லாமல் சொல்லிவிட்டு அவர்களின் எழுத்துபூர்வ நிலைப்பாட்டைப் படித்துக் காட்டினால் போதும்.

3. பெயருக்குக் கீழே ஒரு வரி

கட்சிக்காரர் வராத நாளில் அந்த நாற்காலியில் ‘அரசியல் விமர்சகர்’ ஒருவர் வந்து உட்காருவார். ‘சமூக ஆர்வலர்’, ‘மூத்த பத்திரிகையாளர்’ என்றும் போடுவார்கள். தமிழ்த் தொலைக்காட்சியில் கட்சிகளின் கோபத்தைச் சம்பாதித்த வரி இது. வீட்டில் பார்க்கிறவர் அந்தப் பட்டத்தை நம்பித்தான் பேச்சை எடைபோடுகிறார். எனவே வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள். எந்தக் கட்சியிலாவது பொறுப்பில் இருக்கிறீர்களா? கடந்த தேர்தலில் யாருக்காகவாவது பிரசாரம் செய்தீர்களா? இந்த விஷயத்தில் வழக்கோ ஒப்பந்தமோ உங்களுக்கு உண்டா? ‘ஆம்’ என்றால் திரையில் அதைப் போட வேண்டும்.

4. அரங்கை நிரப்புவது

மிகக் கவனம் கேட்கும் வேலை இது. அவசரமாக நடப்பதும் இதுவே. கல்யாண மண்டபம் பிடித்தாயிற்று, முந்நூறு நாற்காலி போட்டாயிற்று, ஆள் வேண்டும். யாராவது ஒரு மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டால் இரண்டு வேன் வந்துவிடும். முன் மூன்று வரிசை நிறைந்துவிடும். கைத்தட்டலுக்கும் குறை இருக்காது. அந்தக் கைத்தட்டல்தான் வீட்டில் இருப்பவருக்கு ‘ஊரே இப்படி நினைக்கிறது’ என்று சொல்லிக் கொடுக்கும்.

பிபிசியில் 1979இலிருந்து வரும் ‘கொஸ்டின் டைம்’ நிகழ்ச்சியில் விண்ணப்பம் வாங்கி, யாருக்கு ஓட்டு, கட்சியில் உறுப்பினரா என்று கேட்டுப் பார்த்துத்தான் பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியும் அரங்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற புகார் அங்கே ஓய்வதில்லை. நம் ஊரில் ‘யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?’ என்று கேட்டால் உண்மை வராது. சண்டை வேண்டுமானால் வரும். ‘யார் சொல்லி வந்தீங்க?’ என்று கேட்டால் பதில் வந்துவிடும். ஒரே ஆள் சொல்லிப் பத்துப் பேருக்கு மேல் வந்திருந்தால் அவர்களை ஒரே வரிசையில் விடாமல் பிரித்து உட்கார வையுங்கள். வேட்டிக் கரை, துண்டு, பேட்ஜ் எல்லாம் வாசலோடு சரி.

அடுத்தது, தானாக வராதவர்களைத் தேடிப் போவது. கருணாபுரத்துப் பெண்கள் வீட்டு வேலை முடித்து எத்தனை மணிக்கு வர முடியும் என்று கேட்டு நேரம் குறியுங்கள். மலையிலிருந்து ஆள் வேண்டுமென்றால் மாலை ஆறு மணிப் படப்பிடிப்பு ஒத்துவராது. கடைசி பஸ்ஸை விட்டால் மலை மேலுள்ள வெள்ளிமலைக்கு எப்படித் திரும்புவார்கள்? வண்டியை நிறுவனம் வைக்க வேண்டும். கட்சிக்காரர் வண்டியில் ஏற்றி வரக் கூடாது. ஜாகிர்தார்களின் கீழ் 1976 வரை இருந்த மலை அது. அந்த மக்களுக்கு வாக்குரிமை 1996இல்தான் கிடைத்தது என்று 2024இல் உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. மலையின் நிலையை நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தபோது வந்த பேச்சு. எந்தக் கட்சியின் நாற்காலிக் கணக்கிலும் அவர்கள் வரமாட்டார்கள். ஐந்து கட்சிக்கும் சரிசமமாக இடம் கொடுத்துவிட்டு இவர்களை விட்டுவிட்டால், அந்த மேடை கட்சிகளுக்குள் நியாயமாகவும் ஊருக்கு அநியாயமாகவும் இருக்கும்.

5. மைக்கும் கடிகாரமும்

மைக்கைப் பார்வையாளர் கையில் கொடுக்காதீர்கள். நம் ஆள் வரிசைகளுக்கு நடுவே குனிந்து போய், தானே பிடித்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்த மைக் திரும்பி வராது. பிடுங்கினால் பிடுங்கும் காட்சிதான் மறுநாள் செல்போன்களில் ஓடும்.

கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் கையில் தாளும் நிறுத்துக் கடிகாரமும் இருக்கட்டும். நான்கு கட்டம் போதும்: யார், எந்தத் தரப்பு, எத்தனை விநாடி, எத்தனை முறை குறுக்கிடப்பட்டார். கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஐந்து நிமிடம் பேசவிட்டு ஏழு முறை மறித்தால் அது ஐந்து நிமிடம் ஆகாது. இடைவேளையில் இந்தத் தாள் நெறியாளர் கைக்குப் போக வேண்டும். பாதி நேரம் மிச்சம் இருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.

6. நெறியாளர் செய்ய வேண்டியது

எல்லோரிடமும் ஒரே அளவு கடுமை. சாவுகளின்போது ஆண்ட கட்சிக்காரரிடம் ‘ஏன் தடுக்கவில்லை?’ என்று கேட்டால், அதற்கு முன்பு ஆண்டவரிடம் ‘உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ஆனால் உண்மைத் தகவலில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. ‘இது மலையில் காய்ச்சிய சாராயத்தால் வந்த சாவு’ என்று ஒருவர் சொன்னால், ‘அது ஒரு கருத்து’ என்று கடந்து போகக் கூடாது. மெத்தனால் என்று அங்கேயே திருத்த வேண்டும், சொன்னவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

கணவனை இழந்த பெண்ணிடம் ‘எப்படி உணர்றீங்க?’ என்று கேட்காதீர்கள். அவர் அழுவார், கேமரா நெருங்கிப் போகும், அந்த அழுகையை அடுத்து பேசுகிற கட்சிக்காரர் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். ‘நிவாரணப் பணம் வந்ததா? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? இப்போது தெருவில் விற்பனை நடக்கிறதா?’ என்று கேளுங்கள். அவர் சாட்சியாகப் பேசுவார். மேடையில் இருப்பவர்கள் பதில் சொல்லியாக வேண்டிவரும்.

7. வெட்டி ஒட்டுவது

மூன்று மணி நேரம் எடுத்ததை முக்கால் மணி நேரமாகச் சுருக்கும்போது, அரங்கில் காப்பாற்றிய நியாயம் முழுவதும் கரைந்து போகலாம். 2025இல் தெருநாய்கள் பற்றிய ‘நீயா நானா’ ஒளிபரப்பானதும், தாங்கள் பேசியதை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு தரப்பு முறையிட்டது. இந்தப் புகாருக்குப் பதில் சொல்ல அந்த விநாடித் தாளே உதவும். அரங்கில் பேசிய நேரத்தின் விகிதமும், ஒளிபரப்பாகும் நேரத்தின் விகிதமும் பெரிதாக மாறக் கூடாது. ஒருவர் பேச்சுக்கு வந்த கைத்தட்டலை இன்னொருவர் பேச்சில் ஒட்டக் கூடாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் உதட்டைச் சுழித்ததைக் காட்டினால், அது உண்மையிலேயே அந்த வார்த்தைக்குச் சுழித்ததாக இருக்க வேண்டும். கடைசியாகப் புரொமோ. நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களும் அந்த அரை நிமிடத்தைப் பார்ப்பார்கள். அதையும் அதே தாளை வைத்துப் பாருங்கள்.

8. ஒளிபரப்பும் அதற்குப் பிறகும்

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் முடிவைப் பாதிக்கக்கூடிய எதையும் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. மறுஒளிபரப்பு அட்டவணையில் நிகழ்ச்சி தானாக ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகார் வந்தால், 2021 விதிகளின்படி நிறுவனம் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லாதவர் சுயஒழுங்கு அமைப்புக்கும், அதற்கு மேல் ஒன்றிய அரசு வரைக்கும் போகலாம்.

‘எல்லாக் கட்சியும் திட்டுகிறது, அப்படியானால் நாம் நடுநிலைதான்’ என்று இந்தத் தொழிலில் ஒரு சமாதானம் உண்டு. அதை நம்ப வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி அநியாயம் செய்தாலும் எல்லோரும் திட்டத்தான் செய்வார்கள். தாளில் உள்ள விநாடிகளைக் கூட்டிப் பாருங்கள். கட்சிகளுக்குள் எப்படிப் பிரிந்தது என்பது ஒரு கூட்டல். கட்சிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு பேசின, கருணாபுரமும் வெள்ளிமலையும் எவ்வளவு பேசின என்பது இன்னொரு கூட்டல். பெரும்பாலான நிறுவனங்கள் முதல் கணக்கோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவதையும் போட்டுப் பார்த்து, அடுத்த ஊருக்குக் கிளம்பும் குழுவின் கையில் கொடுத்தனுப்புங்கள்.