மென்பொருட் பொதியாக்கம்

ஒருவர் இயற்றிய மென்பொருளை ஒழுங்குபடுத்தி, ஆராய்ந்து, பலரும் எளிதிற் பெறுமாறு ஒரு வழங்கலிற் சேர்க்கும் பணி பொதியாக்கம் எனப்படும். 1993ஆம் ஆண்டில் இயன் மர்டொக் என்பவர் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் இப்பணி நடைபெறும் முறை ஈண்டு விளக்கப்படும்.

பொதியாக்குவோர் முதற்கண் தம் எண்ணத்தை டெபியனின் வழுப்பதிவேட்டில் அறிவிப்பர். ஒரே பணியை இருவர் மேற்கொள்ளாதிருத்தற்கு இது வழியாகும். பின்னர், மூல ஆசிரியர் வெளியிட்ட நிரலோடு ‘டெபியன்’ என்னும் பெயருடைய கோப்புறையொன்றைச் சேர்ப்பர். அதன்கண் அமையுங் கோப்புகளுள் நான்கு இன்றியமையாதன. ‘கொன்ட்ரோல்’ பொதியின் பெயரையும், அது சார்ந்து நிற்கும் பிற பொதிகளையுங் கூறும். ‘ரூல்ஸ்’ மூலநிரலிலிருந்து பொதியை ஆக்கும் முறையை வகுக்கும். ‘சேஞ்ச்லொக்’ பதிப்புதோறும் நிகழ்ந்த மாற்றங்களைக் காட்டும். ‘கொப்பிரைட்’ எக்கோப்பு யாருக்கு உரியது, எவ்வுரிமத்தின்பாற்பட்டது என்பதை உரைக்கும். 1997இல் வகுக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்கு இணங்காதது முதன்மைப் பகுதியில் இடம்பெறாது.

ஆக்கிய பொதி ‘லின்டியன்’ என்னுங் கருவியாற் சோதிக்கப்படும். புதியவர் தாமே அதனைப் பதிவேற்றும் உரிமையிலர். உரிமைபெற்ற ஒருவர் ஆராய்ந்து பதிவேற்றுவர். பெயராற் புதிய பொதியாயின், களஞ்சியக் காப்பாளர் அதன் உரிமங்களை மீண்டும் நோக்குவர். அதன்பின் நிலையாப் பதிப்பிற் புகும் பொதி, கடும் வழுவின்றிச் சின்னாட்கள் நிற்பின் சோதனைப் பதிப்புக்குச் செல்லும். இறுதியில் நிலைத்த பதிப்பின் உறுப்பாகும்.

இத்துணைக் காவல் எதற்கு என வினவலாம். 2006இல், மறைகுறியாக்கத்துக்கு உதவும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்னும் பொதியில், சோதனைக் கருவியொன்றின் எச்சரிக்கையை நீக்கும் நன்னோக்குடன் சில வரிகள் விலக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று திறவுகோல்களின் ஊகிக்கவொண்ணாத் தன்மைக்கே அடிப்படையாயிருந்தது. அதன் பயனாக, ஒரே இனமும் அளவும் உடைய திறவுகோல்கள் ஏறத்தாழ 32,768 வகைக்குள் அடங்கிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்த்தல் கணினிக்கு அரிதன்று. 2008 மே மாதத்திலேயே இவ்வழு வெளிப்படுத்தப்பட்டது. டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் இடைக்காலத்தில் ஆக்கிய திறவுகோல்கள் யாவும் மாற்றப்பட வேண்டியவாயின.

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்போர் தாம் கொண்ட பாடத்தையும் விலக்கிய பாடத்தையுங் குறித்துக் காட்டுவர். பொதியாக்குவோர்க்கும் அதுவே முறை. மூலநிரலில் தாம் செய்த திருத்தங்களைத் தனிக் கோப்புகளாகக் காரணத்துடன் வைத்தலும், அவற்றை மூல ஆசிரியரின் ஆராய்வுக்கு அனுப்புதலும் அவர்தங் கடனாம். பிறர் நூலைத் திருத்துவோர், அதனை இயற்றினோரினும் மிக்க விழிப்புடையராதல் வேண்டும்.