பவுரிங் என்று ஒரு பெயர்

பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் ரயில் பாதையில் சுமார் 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது பங்காரப்பேட்டை. கோலார் தங்கவயலுக்குக் கிளைப் பாதை பிரியும் சந்திப்பு. தமிழ்நாட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன பல தலைமுறைத் தொழிலாளர்கள் இங்கேதான் வண்டி மாறினார்கள். கன்னடத்தில் 'பங்கார' என்றால் தங்கம். தங்கவயலின் வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் ரயில்வே இந்த நிலையத்துக்குக் கொடுத்திருக்கும் குறியீடு 'பி.டபிள்யூ.டி.'. பங்காரப்பேட்டையில் 'டபிள்யூ' எங்கிருந்து வந்தது? பவுரிங்கிலிருந்து வந்தது. ஊரின் பழைய பெயர் பவுரிங்பேட்டை.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு 1864-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை ஒட்டி வளர்ந்த ஊருக்கு அப்போது மைசூர் கமிஷனராக இருந்த லூயின் பென்தம் பவுரிங்கின் பெயர் சூட்டப்பட்டது. 1862 முதல் 1870 வரை மைசூரை ஆண்டது அவர்தான். 1831-ல் மன்னரிடமிருந்து நிர்வாகத்தைப் பறித்துக்கொண்ட ஆங்கிலேயர்கள், கமிஷனர்களை வைத்து ஐம்பது ஆண்டுகள் அரசு நடத்தினார்கள்.

பெங்களூரில் 'பவுரிங்' என்று மட்டும் சொன்னால் போதாது. ஆஸ்பத்திரியா, கிளப்பா என்ற கேள்வி வரும். சிவாஜிநகரில் உள்ள பவுரிங் மருத்துவமனை 1860களில் கட்டப்பட்டது. பாரிஸ் நகரின் லாரிபுவாசியேர் மருத்துவமனைதான் அதற்கு மாதிரி. பின்னாளில் வைஸ்ராய் கர்ஸனின் மனைவி பெயரில் பெண்கள் மருத்துவமனையும் சேர்ந்துகொண்டதால் முழுப் பெயர் 'பவுரிங் மற்றும் லேடி கர்ஸன்' என்று நீண்டது. கன்டோன்மென்ட் பகுதியின் தமிழ்க் குடும்பங்களில் பிரசவம், காய்ச்சல், கை முறிவு எதுவானாலும் இன்றும் அது 'பவுரிங் ஆஸ்பத்திரி'தான்.

செயின்ட் மார்க்ஸ் சாலையில் இருப்பது பவுரிங் இன்ஸ்டிட்யூட். இலக்கியத்துக்கும் அறிவியலுக்குமான கழகமாக 1868-ல் இதைத் தொடங்கியவர் பி.எல். ரைஸ். கோலார், பெங்களூர் வட்டாரங்களின் தமிழ்க் கல்வெட்டுகளையும் உள்ளடக்கிய 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளைப் பதிப்பித்தவர் இவரே. நூலகமும் சொற்பொழிவுமாக இருந்த இடம் காலப்போக்கில் உறுப்பினர்களுக்கான கிளப் ஆகிவிட்டது. ஒரே பெயர்தான். ஒரு வாசலில் யாரும் நுழையலாம். மற்றதில் உறுப்பினராக இருக்க வேண்டும்.

இந்தப் பெயர் பெங்களூரோடு நிற்கவில்லை. லூயினின் தந்தை சர் ஜான் பவுரிங், 1854 முதல் 1859 வரை ஹாங்காங்கின் கவர்னர். அங்கே கௌலூன் பகுதியில் பவுரிங் தெரு இருக்கிறது. 1855-ல் சயாம் அரசர் மோங்குட்டின் அரசோடு அவர் செய்துகொண்ட வணிக உடன்பாட்டைத் தாய்லாந்து வரலாற்றில் 'பவுரிங் ஒப்பந்தம்' என்கிறார்கள். ரஷ்ய, போலிஷ், செர்பியக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளரும் அவரே. கிறிஸ்துவின் சிலுவையைப் போற்றி அவர் எழுதிய பாட்டு இன்றும் தேவாலயங்களில் ஒலிக்கிறது. அதே மனிதர் கவர்னராக இருந்தபோதுதான், அவரது ஒப்புதலோடு, 1856-ல் ஆங்கிலேயக் கப்பல்கள் கான்டன் நகரைக் குண்டு வீசித் தாக்கின. இரண்டாவது அபினிப் போர் அப்படித்தான் மூண்டது.

தத்துவ அறிஞர் ஜெரமி பென்தமின் நெருங்கிய நண்பர் ஜான் பவுரிங். பென்தமின் நூல் தொகுதிகளைப் பதிப்பித்தவரும் அவர்தான். மைசூர் கமிஷனரின் பெயருக்கு நடுவில் 'பென்தம்' இருப்பது இந்த நட்பின் அடையாளம். 'லூயின்' தாய் வழிக் குடும்பப் பெயர். லூயினின் சகோதரர்களில் எட்கர், ஜெர்மன் கவிஞர் கதேயை மொழிபெயர்த்தார். இன்னொருவரான ஜான் சார்லஸ் ஹாங்காங்கில் வணிகம் செய்துகொண்டே வண்டுகளையும் செடிகளையும் சேகரித்தார். 'பவுரிங்கியா' என்ற தாவர இனம் அவர் பெயரைத் தாங்கியது. ஆசியாவின் ஒரு பல்லிக்கும் ஓர் அரணைக்கும்கூட விஞ்ஞானப் பெயரில் பவுரிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் 1914-ல் திறக்கப்பட்ட பவுரிங் பூங்கா வேறொரு வணிகக் குடும்பத்தின் கொடை. அந்தக் குடும்பத்தின் வேரும் ஜான் பவுரிங் பிறந்த எக்ஸிடர் நகரில்தான்.

மீண்டும் மைசூருக்கு வருவோம். ஊர், மருத்துவமனை, கழகம் ஆகிய மூன்றும் லூயின் பவுரிங் பதவியில் இருந்தபோதே தோன்றியவை. நாற்காலியில் இருப்பவர் பெயரைச் சூட்டும் பழக்கம் சுதந்திர இந்தியாவின் கண்டுபிடிப்பு அல்ல. பவுரிங் இன்ஸ்டிட்யூட் பிறந்த அதே 1868-ல், தன் அரசைத் திருப்பித் தரும்படி பல ஆண்டுகள் மனுப் போட்டுக் காத்திருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், அது கைக்கு வராமலே காலமானார். அவருடைய தத்துப் புதல்வருக்கு அரசு திரும்பியது 1881-ல்தான். பெயர்ப் பலகைகள் இதைச் சொல்வதில்லை.

பெயர் மாற்றம் நம் நாட்டில் ஓயாத விவகாரம். 2014-ல் பெங்களூரே அதிகாரபூர்வமாக 'பெங்களூரு' ஆனது. பவுரிங் மருத்துவமனையோடு இணைந்த அரசு மருத்துவக் கல்லூரிக்கு இப்போது அடல் பிஹாரி வாஜ்பாயின் பெயர். அந்நியர் பெயர் ஏன் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பங்காரப்பேட்டை அதற்கு நல்ல விடை: ஓசை பழசை ஒட்டியிருக்கிறது, பொருள் மண்ணைச் சேர்ந்தது. பவுரிங் ஊரை விட்டுப் போன பிறகுதான், 1873-ல், மைக்கேல் லவெல் தங்கம் தேட உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. தங்கம் பெயரில் மட்டும் மிஞ்சியது.

ஆனால் ஆஸ்பத்திரி விஷயம் வேறு. அங்கே வரிசையில் நிற்பவர்களுக்குப் பவுரிங் ஓர் ஆங்கிலேய அதிகாரி அல்ல; இலவசமாக வைத்தியம் கிடைக்கும் இடம். அரசாணை தந்த பெயரை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உயிரோடு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். பலகையை மாற்றுவதானால் மாற்றட்டும். பழைய பெயர் யாருடையது, அவர் காலத்தில் இந்த மண்ணை யார் இழந்தார்கள் என்பதையும் அதன் கீழே இரண்டு வரி எழுதி வைத்தால் நல்லது.