பாதிக் கட்டணம் என்பது புலமைப்பரிசில் அல்ல

உயர்தரப் பெறுபேறு வெளியாகி ஒரு வாரம் போவதற்குள் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வண்ண வண்ணமாக விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். 'ஐம்பது வீதப் புலமைப்பரிசில், முதல் இருபது பேருக்கு மட்டும்' என்று இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்னர் என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் வாப்பா அப்படியொரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். "சேர், மகளுக்கு ஸ்கொலர்ஷிப் கிடைச்சிருக்கு. மிச்சக் காசுக்கு உம்மாட நகையை விக்கலாமெண்டு இருக்கம்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

கடிதத்தை வாசித்துப் பார்த்தேன். மொத்தக் கட்டணம் பன்னிரண்டு இலட்சம், 'புலமைப்பரிசில்' போக ஆறு இலட்சம். பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் தனி. இறுதி வருடத்துக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பவுணில் கட்ட வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பிள்ளையின் பெறுபேற்றையோ குடும்ப வருமானத்தையோ யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்காமல் கொடுப்பது விலைக்கழிவு. துணிக்கடைக்காரரும் பெருநாளைக்கு அதைத்தான் செய்கிறார்.

தனியார் நிறுவனங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முற்பணம் கட்டுவதற்கு முன்னர் பட்டத்தை யார் வழங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். உள்நாட்டு நிறுவனமே வழங்குவதாக இருந்தால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பதும் அந்தப் பாடநெறிக்கு இருப்பதும் ஒன்றல்ல. வெளிநாட்டுப் பட்டமாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே விசாரிக்கலாம். மொத்தச் செலவையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

அதற்கும் முன்னர் பார்க்க வேண்டியது, கட்டணமே இல்லாத வழிகள். அரச பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கையே முடிந்தது போலப் பல வீடுகளில் அழுகை. உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கீழ் சம்மாந்துறை, திருகோணமலை, கண்டி போன்ற இடங்களில் உயர் தேசிய டிப்ளோமா முழுநேரமாக இலவசமாகவே படிக்கலாம். ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குத் தேசிய கல்விக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்து, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. மகளைத் தூர இடத்தில் அறை எடுத்துத் தங்கவைக்க விரும்பாத பெற்றோருக்கு அட்டாளைச்சேனை, தர்ஹா நகர் போன்ற கல்லூரிகள் பெரிய ஆறுதல். வர்த்தமானியைப் பார்க்காமல் விட்டால் அந்த வருடம் போய்விடும், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைகளிடமும் நான் காண்கிற குறை ஒன்று உண்டு. 1981இல் சட்டமூலம் உருவான மஹபொல நிதியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது கிடைக்காதவர்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு மானியங்கள் ஆணைக்குழுவின் 'பர்சரி' உதவிப்பணம் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹபொலவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரியை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் உயர்த்த முன்மொழியப்பட்டது. வருடத்துக்குப் பத்துத் தவணை. நான்கு வருடப் படிப்பென்றால் மஹபொலவில் மட்டும் மூன்று இலட்சம் ரூபாய். இதை ஒரு பத்திரம் பிந்தியதால் இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்தப் பத்திரம் வருமானச் சான்றிதழ். கிராம உத்தியோகத்தர் எழுதி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். அரச ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலானோர் சிறு வியாபாரம், கடற்றொழில், கூலி வேலை. சிலருக்கு வாப்பா கட்டாரில். வருமானத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கூட்டியும் குறைத்தும் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். கடையின் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகள், வங்கிப் புத்தகம், படிக்கும் மற்றப் பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் ஆகியவற்றோடு போய் உள்ளதை உள்ளபடி சொன்னால் உத்தியோகத்தருக்கும் எழுத இலகு. விண்ணப்பம் கோரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எவ்வளவு காலத்துக்குள் எடுத்த சான்றிதழ் செல்லும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, மற்ற ஆவணங்களை இப்போதே சேர்க்கலாம்.

இன்னொன்று நம் சமூகத்துக்கே உரிய தொல்லை. பிறப்புச் சான்றிதழில் 'மொஹமட்', அடையாள அட்டையில் 'முஹம்மது', பரீட்சைப் பெறுபேற்றில் வெறும் 'எம்.' வாப்பாவின் பெயரும் அப்படியே. இரண்டு பத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். சாதாரணதரம் படிக்கும்போதே இதைச் சரிபார்க்காத பாடசாலைகளில் நாங்கள் ஆசிரியர்களும் குற்றவாளிகள்.

பல்கலைக்கழக வாய்ப்பை இழந்து தனியார் பட்டமே வேண்டும் என்போருக்கு 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் உண்டு. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, அமைச்சு அங்கீகரித்த நிறுவனத்தில், அங்கீகரித்த பாடநெறிக்கே அது கிடைக்கும். பிணையாளிகள் தேவை. படிப்பு முடிந்த பிறகே திருப்பிச் செலுத்தல். 'கடன்' என்றதும் வட்டி என்று பயந்து விலகும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். மாணவர் முதலை மட்டுமே திருப்பிக் கொடுக்கிறார், வங்கிக்குரிய வட்டியை அரசு செலுத்துகிறது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஊர் ஆலிமிடம் கேட்கும்போது வெறுமனே 'வங்கிக் கடன்' என்று சொல்லாமல், இந்த விவரத்தை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களில் இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில், பாகிஸ்தானின் அல்லாமா இக்பால் திட்டம், துருக்கி அரசின் திட்டம் ஆகியவை நம் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியவை. தூதரகங்களும் உயர்கல்வி அமைச்சும் தங்கள் இணையத்தளங்களில் நேரடியாகவே அறிவிக்கின்றன. இடையில் ஒருவர் காசு கேட்டால் கதவைச் சாத்துங்கள். கடவுச்சீட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பள்ளிவாசல் சம்மேளனங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவபீடம் கிடைத்த பிள்ளைக்கு மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, மடிக்கணினியும் கொடுக்கிறோம். நல்லது. கலைப்பீடத்துக்குப் போகும் பிள்ளைக்கும் டிப்ளோமா படிக்கும் பிள்ளைக்கும் முதல் மாத அறை வாடகைக்கே வழியில்லை. மஹபொலவின் முதல் தவணை கைக்கு வரப் பல மாதங்கள் பிடிக்கும். பிள்ளைகள் படிப்பை விடுவது அந்த மாதங்களில்தான். ஸகாத் குழுவும் பைத்துல்மாலும் அந்த இடைவெளிக்கு ஒரு தொகையை ஒதுக்கினால், பொன்னாடைக்கு ஆகும் செலவு போதும்.

அந்த வாப்பா கட்டியிருந்த இருபத்தையாயிரம் முற்பணம் திரும்பி வரவில்லை. நகை தப்பியது. மகள் இப்போது சம்மாந்துறையில் கணக்கியல் டிப்ளோமா இரண்டாம் வருடம். காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். போன மாதம் தம்பியின் பிறப்புச் சான்றிதழோடு என்னிடம் வந்தாள், அவனுடைய பெயரில் ஓர் எழுத்துப் பிழையாம்.